திரும்பி வருபவருக்கு ஒரு வாகன நிறுத்துமிடம்

கடந்த சில மாதங்களாக என் மேசையில் விரிந்து கிடப்பது, ஒரு விமான நிலையத்தின் பயணிகள் முனையத்துக்கு எதிரே எழவிருக்கும் பல அடுக்கு வாகன நிறுத்துமிடத்தின் வரைபடம். என்ன வேலை நடக்கிறது என்று விசாரிப்பவர்களிடம் இதைச் சொன்னால் அவர்கள் முகத்தில் ஒரு சிறு ஏமாற்றம் தெரியும். முனையத்தையே வரைகிறேன் என்றால் உட்கார்ந்து கேட்பார்கள். கார் நிறுத்தும் கட்டடம் என்றதும் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். அடுக்கின் மேல் அடுக்கு, கோட்டுக்குப் பக்கத்தில் கோடு, ஏறி இறங்க ஒரு சாய்வுப்பாதை, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். இத்தகைய கட்டடம் ஒன்றில் முதன்முதலாக வேலை பார்த்தபோது நானும் ஏறக்குறைய அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

அந்தக் கட்டடம் திறக்கப்பட்டுச் சில வாரங்கள் கழித்து, ஒரு பின்னிரவில், குறைகளைக் குறித்துக்கொள்வதற்காக அதன் நான்காம் அடுக்கில் நின்றிருந்தேன். லிஃப்ட் கதவு திறந்து, இரண்டு பெட்டிகளையும் ஒரு பையையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஒருவர் வெளியே வந்தார். சாவியைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்து, பொத்தானை அழுத்தி, எங்காவது விளக்கு மின்னுகிறதா என்று பார்த்தார். எதுவும் மின்னவில்லை. ஒரு வரிசை நடந்து மறுபடியும் அழுத்தினார். பிறகு வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். மழைநீர் வடிவதற்காக நாங்கள் தரையில் கொடுத்திருந்த மெல்லிய சரிவில் அந்த வண்டி தானாக உருண்டு, நின்றிருந்த ஒரு காரின் கதவை நோக்கிப் புறப்பட்டது. நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். அவருடைய கார் ஐந்தாம் அடுக்கில் இருந்தது. நான்காம் அடுக்கும் ஐந்தாம் அடுக்கும் அச்சடித்தாற்போல் ஒன்றாகவே இருந்தன. அப்படி வரைந்தவர்களில் நானும் ஒருவன்.

புறப்படும்போது பயணிக்குக் கார் கையில் இருக்கிறது. காலியாகக் கண்ட இடத்தில் நிறுத்திவிட்டு, விமானத்தைப் பற்றிய நினைப்போடு வேகமாக நடந்துவிடுகிறார். திரும்பி வரும்போது அவரிடம் இருப்பது பெட்டிகளும் அரைத்தூக்கமும் ஆறு நாள் பழைய நினைவும்தான். வேலையை ஒப்படைப்பவர்கள் எங்களிடம் கேட்பது எத்தனை கார்கள் நிற்கும் என்பதை. ஆனால் அந்தக் கட்டடத்தைப் பற்றிப் பயணிகள் பின்னாளில் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை, லிஃப்டிலிருந்து வெளியே வந்ததற்கும் வெளிவாசலைத் தாண்டியதற்கும் இடைப்பட்ட அந்தச் சில நிமிடங்களைப் பற்றியவை. ஆகவே இந்த முறை வரையும் ஒவ்வொரு கோட்டையும் அந்தப் பின்னிரவுப் பயணியை மனத்தில் நிறுத்திச் சோதித்துப் பார்க்கிறேன்.

எண்ணிக்கையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் முதல் பிழை அங்கேதான் நேர்கிறது. நிறுத்துமிடம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை வரும் கார்களின் எண்ணிக்கையோடு, அவை எவ்வளவு நேரம் நிற்கின்றன என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி இதை ஒரே வரியில் சொல்லிவிடுகிறது: வந்து சேரும் வேகத்தைத் தங்கும் நேரத்தால் பெருக்கினால், எந்தச் சமயத்திலும் உள்ளே இருப்பவற்றின் சராசரி எண்ணிக்கை கிடைக்கும். வரவேற்கவும் வழியனுப்பவும் ஒரு நாளில் 2,400 கார்கள் வந்து, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுப் போவதாக வைத்துக்கொள்வோம். மணிக்குச் சராசரியாக 100 கார்கள் என்பதால் 100 கட்டங்கள், அதாவது கோடிட்டுப் பிரித்த கார் இடங்கள், நிறைந்திருக்கும். நெரிசல் வேளையில் வரவு மூன்று மடங்கானாலும் 300 கட்டங்களில் முடிந்துவிடும். அதே வாசல் வழியாக ஒரு நாளில் வெறும் 200 கார்கள் வந்து, ஒவ்வொன்றும் ஆறு நாள் நிற்பதாக வைத்துக்கொண்டாலோ 1,200 கட்டங்கள் வேண்டியிருக்கும். வாசலில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு முதல் கூட்டமே பெரிதாகத் தெரியும். கான்கிரீட்டை விழுங்குவது இரண்டாவது கூட்டம்.

இந்த இரண்டு கூட்டங்களுக்கும் தேவைகள் வேறு வேறு. ஒரு மணி நேரம் நிற்பவருக்கு முனையத்தின் கதவு அருகில் இருக்க வேண்டும், நுழைவதும் வெளியேறுவதும் விரைவாக முடிய வேண்டும். ஆறு நாள் நிறுத்துபவர் சற்றுக் கூடுதலாக நடக்கத் தயங்கமாட்டார். கார் பத்திரமாக இருக்க வேண்டும், திரும்பி வந்ததும் சிரமமில்லாமல் கிடைக்க வேண்டும் என்பதே அவர் எதிர்பார்ப்பு. எனவே கீழடுக்குகளைக் குறுநேரத்துக்கும் மேலடுக்குகளை நெடுநாளுக்கும் பிரிப்பது வழக்கம். அந்தப் பிரிவை நிலையான சுவராகக் கட்டிவிடாமல், அறிவிப்புப் பலகைகளை மாற்றியே நகர்த்தக்கூடியதாக வைப்பது நல்லது; விடுமுறைக் காலத்தில் நெடுநாள் கார்கள் கீழ்நோக்கிப் பெருகி வரும். இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆயிரம் கட்டங்களில் 950 நிறைந்துவிட்டால், காகிதத்தில் 50 இருந்தாலும், அவற்றைத் தேடுகிறவரைப் பொறுத்தவரை கட்டடம் நிரம்பியதாகவே பொருள். அந்தத் தேடலே அடுக்குகளில் நெரிசலை உண்டாக்கும்.

எவ்வளவு உயரம் கட்டலாம் என்ற கேள்விக்கு விடை, விமான நிலையத்தில் மட்டும், கட்டடத்துக்கு வெளியே இருக்கிறது. ஓடுபாதையைச் சூழ்ந்த பட்டையின் விளிம்பிலிருந்து, ஒவ்வொரு 7 மீட்டர் தொலைவுக்கும் 1 மீட்டர் வீதம் உயர்ந்துகொண்டே போகும் கற்பனைச் சரிவு ஒன்று உண்டு. பெரிய ஓடுபாதைகளுக்குப் பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விமான நிலைய விதிகளான 14-ஆம் இணைப்பு வகுத்த தடை எல்லைப் பரப்புகளுள் அது ஒன்று. 45 மீட்டர் உயரத்தை எட்டியதும் அது கிடைமட்டப் பரப்போடு சேர்ந்துகொள்ளும். அந்தச் சரிவை எந்தக் கட்டடமும் துளைக்கக் கூடாது. பட்டை விளிம்பிலிருந்து 140 மீட்டர் தள்ளி, ஓடுபாதையின் மட்டத்திலேயே உள்ள நிலத்தில் கட்டுவதாகக் கொண்டால், 20 மீட்டர்தான் நமக்கு விதிக்கப்பட்ட வானம்.

தரையோடு சேர்த்து ஆறு அடுக்குகள், அடுக்குக்கு 3.3 மீட்டர் என்றால், திறந்த மேலடுக்கு 16.5 மீட்டரில் நிற்கும். மூன்றரை மீட்டர் மிச்சம் என்று நிம்மதியாக இருந்தோம். மொட்டை மாடியில் நடுவதற்காக மின் பொறியாளர் குறித்திருந்த விளக்குக் கம்பங்களின் உயரம் 6 மீட்டர் என்பதை வெகுநாள் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. லிஃப்ட் கூண்டின் உச்சியும் மேலடுக்கிலிருந்து ஐந்து மீட்டர் எழும்பி அதே கோட்டைத் துளைத்தது. இப்போது கம்பங்களைக் குட்டையாக்கி எண்ணிக்கையைக் கூட்டியிருக்கிறோம். லிஃப்ட் கூண்டுகளை ஓடுபாதைக்கு எதிர்ப்புறமாக நகர்த்தியிருக்கிறோம். கட்டும்போது நிற்கப்போகும் கிரேன் இவை எல்லாவற்றையும்விட உயரமானது; அதற்குத் தனியாக அனுமதி பெற வேண்டும். அந்த விளக்குகளின் ஒளி விமானியின் கண்ணுக்குப் போகாமல் கீழ்நோக்கி மறைக்கப்பட வேண்டும் என்பதும், உலோக முகப்பு ரேடார் அலைகளைத் திருப்பி அடிக்காமல் இருக்க வேண்டும் என்பதும், கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து ஓடுபாதையைப் பார்க்கும் பார்வைக்கோடு மறையக் கூடாது என்பதும் பட்டியலில் அடுத்தடுத்து வருபவை. மேலே சூரியத் தகடுகளை வேய நினைப்பவர்கள் கண்கூச்சத்தைப் பற்றித் தனி ஆய்வே செய்ய வேண்டும்.

இனிக் கட்டடத்துக்குள் வருவோம். இருபுறமும் 5 மீட்டர் நீளக் கட்டங்கள், நடுவில் கார்கள் ஓட 6 மீட்டர் வழி, ஆக மொத்தம் 16 மீட்டர். இந்த அகலத்தை இடையில் தூணே இல்லாமல் தாண்டிவிட்டால் ஓட்டுநருக்குப் பெரிய நிம்மதி. உள்ளே எஃகுக் கம்பிகளை இழுத்து இறுக்கி முன்தகைவு கொடுத்த கான்கிரீட் உத்தரங்களால் இது முடியும். உத்தரத்தின் ஆழம் முக்கால் மீட்டரை நெருங்கும். அதற்குக் கீழே குழாய்களும் பலகைகளும் தொங்கக் கால் மீட்டர், அதற்கும் கீழே வாகனம் போக 2.3 மீட்டர் என்று கூட்டினால் அந்த 3.3 மீட்டர் வந்துவிடும். உத்தரங்களின் ஆழத்தை வரைபடத்தில் பார்க்கும்போது கட்டமைப்புக் கணக்காகவே தோன்றும். அடுக்கின் ஒரு முனையில் நின்று நிமிர்ந்து பார்த்தால்தான், முதல் உத்தரம் அடுத்தடுத்த உத்தரங்களுக்கு இடையே தொங்கும் அறிவிப்புப் பலகைகளையெல்லாம் மறைத்துவிடுவது தெரியும். வழி தேடுபவருக்குத் தேவைப்படும் பலகை உத்தரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும், அல்லது உத்தரத்தின் முகத்திலேயே எழுதப்பட வேண்டும்.

கட்டத்தின் அகலத்தைப் பற்றித்தான் கூட்டங்களில் அதிக நேரம் வாதாடியிருக்கிறோம். 100 மீட்டர் நீள வரிசையில், ஒரு கட்டம் 2.4 மீட்டர் என்றால் 41 கார்கள் நிற்கும், 2.6 மீட்டர் என்றால் 38. மூன்று கார்கள் வீணாகின்றன என்பது கணக்குப் பார்ப்பவர்களின் வாதம். இன்றைய கார்களில் பலவும் கண்ணாடிகளைச் சேர்க்காமலே 1.8 மீட்டரைத் தாண்டிவிடுகின்றன. 2.4 மீட்டர் கட்டங்களில் இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், நடுவில் கதவைத் திறக்கக் கிடைப்பது சுமார் 60 சென்டிமீட்டர். அலுவலகத்துக்குப் போகிறவர் ஒருக்களித்து நுழைந்துவிடுவார். விமான நிலையத்திலோ தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்கதவைத் திறப்பவர்கள் வருவார்கள். நெடுநாள் அடுக்குகளில் 2.5 மீட்டருக்கும், குறுநேர அடுக்குகளில் 2.6 மீட்டருக்கும் ஒருவழியாக ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன். தூண்களை நடுவழியின் விளிம்பிலிருந்து முக்கால் மீட்டராவது உள்ளே தள்ளி வைத்தால் வண்டியைத் திருப்புவதும் எளிது, கதவும் தூணில் மோதாது.

எடையைப் பற்றியும் இப்போதெல்லாம் கேட்கிறார்கள், மின்கலங்களைச் சுமக்கும் கார்கள் கனமாக இருப்பதால். இரண்டு டன் கார் ஒன்று 12.5 சதுர மீட்டர் கட்டத்தில் நின்றால், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1.6 கிலோநியூட்டன் சுமை. பல நாடுகளின் விதிகள் 2 முதல் 2.5 வரை எடுத்துக்கொள்ளச் சொல்வதால், புதிதாகக் கட்டுவதில் இது பெரிய கவலை இல்லை. கான்கிரீட் தளத்துக்குள் மெல்ல மெல்ல இறங்கும் தண்ணீர்தான் என் கவலை. இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில், 1965-இல் கட்டப்பட்ட பைப்பர்ஸ் ரோ நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் சுமார் 120 டன் எடையுள்ள பகுதி 1997 மார்ச் 20-ஆம் தேதி அதிகாலை மூன்று மணிக்குச் சரிந்து விழுந்தது. தூணைச் சுற்றியிருந்த கான்கிரீட் நலிந்துபோய், தளம் தூணின் தலையில் குத்தப்பட்டதுபோல் கீழிறங்கிவிட்டது. உள்ளே யாரும் இல்லாத வேளை என்பதால் உயிர்ச்சேதம் இல்லை. மழையையும் வெயிலையும் நேராகத் தாங்கும் மேலடுக்குக்கு நீர்புகாப் பூச்சும், ஒன்றரை சதவீதச் சரிவும், எளிதில் அடைத்துக்கொள்ளாத வடிகுழாய்களும் வேண்டும் என்று நான் விடாப்பிடியாக நிற்பதற்கு இந்தச் சம்பவமே காரணம்.

அந்தச் சரிவுதான் தள்ளுவண்டியை உருட்டிவிட்டது என்பதையும் நான் மறக்கவில்லை. இரண்டையும் சேர்த்துத் தீர்க்க ஒரு வழி கண்டோம். கார்கள் நிற்கும் பகுதி சரிந்தே இருக்கட்டும். லிஃப்ட் கூடத்துக்குப் போகும் நடைபாதை மட்டும் சமமாக, சரிவுக்குக் குறுக்காக ஓடட்டும். பழைய கட்டடத்தில் இன்னொரு பிழையும் இருந்தது. லிஃப்ட் கூடத்துக்கு நேர் முன்னே ஒரு வடிகால், அதன்மேல் இரும்புச் சல்லடை மூடி. சல்லடைக் கம்பிகளின் இடைவெளியும் பெட்டியின் சக்கரமும் ஏறத்தாழ ஒரே அளவு. ஒரு மணி நேரம் அங்கே நின்றபோது, இழுத்து வந்த பெட்டி சட்டென்று நின்று, கைப்பிடி கையிலிருந்து நழுவியதை ஏழெட்டு முறை பார்த்தேன். வரைபடத்தில் அந்தச் சல்லடை ஒரு மெல்லிய கோடு மட்டுமே. வடிகாலை நடைபாதைக்கு அப்பால் தள்ளினால் குழாய் எட்டு மீட்டர் நீளும்; தள்ளிவிட்டோம்.

சாய்வுப்பாதைகளைப் பொறுத்தவரை, 8 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறும் சரிவு கார்களுக்குப் பொறுக்கத்தக்கது. சரிவு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் அதில் பாதியளவு சாய்வுள்ள சிறு துண்டைச் சேர்க்காவிட்டால், காரின் அடிவயிறு உரசும். எந்தக் கட்டடத்திலும் அந்த விளிம்பில் தெரியும் வெள்ளைக் கீறல்கள் அதைச் சொல்லும். சாய்ந்த அடுக்குகளிலேயே கார்களை நிறுத்தி, அடுக்கே பாதையாகச் சுற்றி இறங்கும் முறை மலிவானது, இடமும் மிச்சம். ஆனால் ஆறாம் அடுக்கிலிருந்து இறங்குபவர், ஐந்து அடுக்குகளிலும் பின்னோக்கி வெளியே வரும் ஒவ்வொரு காருக்கும் நின்று நின்று போக வேண்டும். நாங்கள் எல்லா அடுக்குகளையும் ஏறக்குறைய சமதளமாக வைத்து, ஏறவும் இறங்கவும் கட்டடத்தின் இரு கோடிகளிலும் தனித்தனிச் சுருள் பாதைகளைக் கொடுத்திருக்கிறோம். இதில் வேறோர் ஆதாயமும் உண்டு. முப்பது ஆண்டுகள் கழித்து இத்தனை கார்கள் வராமல் போனால், சுருள் பாதைகளை இடித்துவிட்டுச் சமதள அடுக்குகளை வேறு வேலைக்குப் பயன்படுத்தலாம். அதற்கு அடுக்கின் உயரம் இன்னும் கொஞ்சம் இருந்தால் நன்றாக இருக்கும். அந்த 20 மீட்டர் வானம் அதற்கு இடம் தரவில்லை.

நினைவு விஷயத்துக்கு வருகிறேன். சிகாகோ ஓ'ஹேர் விமான நிலையத்தின் பிரதான நிறுத்துமிடத்தில், ஒவ்வொரு அடுக்குக்கும் அந்த நகரத்தின் ஒரு விளையாட்டு அணியின் பெயரைச் சூட்டி, லிஃப்ட் கூடத்தில் அதற்கேற்ற இசையையும் ஒலிக்கவிட்டார்கள். கேலியாகத் தோன்றினாலும், அது சரியான சிந்தனை என்பேன். எண் மட்டும் நினைவில் தங்குவதில்லை. எண்ணோடு ஒரு நிறமும் ஓர் உருவமும் ஒலியும் சேர்ந்தால், அவற்றில் ஏதாவது ஒன்று ஆறு நாள் தாங்கும். வண்ணத்தை மட்டும் நம்பினால், நிறக்குருடு உள்ளவர்களைக் கைவிட்டதாகிவிடும். எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு பறவை. விமான நிலையத்தில் பறவையா என்று ஒருவர் கேட்டார். ஓடுபாதைக்கு அருகில் எல்லாரும் அஞ்சுவது பறவைகளுக்குத்தான் என்பதால் அது நியாயமான நகைச்சுவை. புறாக்கள் உட்காரும்படியான விளிம்பே முகப்பில் இருக்கக் கூடாது என்று ஒருபுறம் வரைந்துகொண்டு, மறுபுறம் தூண்களில் பறவைகளைத் தீட்டுகிறோம்.

கட்டங்களுக்கு மேலே உணரிகளைப் பொருத்தி, காலியென்றால் பச்சை, நிறைந்திருந்தால் சிவப்பு என்று விளக்கு காட்டும் ஏற்பாடு இன்று சாதாரணமாகிவிட்டது. அது நுழைபவருக்கு உதவுகிறது. அந்த உணரிகளின் இடத்தில் கேமராக்கள் இருந்து எண் பலகையையும் படித்தால், திரும்பி வருபவர் கட்டணம் செலுத்தும் எந்திரத்தில் தன் கார் எண்ணைத் தட்டியதும், எந்த அடுக்கில் எந்த வரிசையில் நிற்கிறது என்று அதுவே சொல்லிவிடும். பட்ஜெட்டைக் குறைக்க வேண்டிய ஒவ்வொரு கூட்டத்திலும் முதலில் வெட்டப்படுவது இதுதான், இரண்டு முறை மீட்டெடுத்திருக்கிறேன்.

வெளியேறும் வாசலிலும் ஒரு கணக்கு உண்டு. தடுப்புக்கட்டைக்கு முன்னால் நின்று, கண்ணாடியை இறக்கி, அட்டையைத் தேடி, பணம் செலுத்த ஒரு காருக்கு 30 வினாடி ஆனால், ஒரு வாசல் மணிக்கு 120 கார்களையே விடும். முன்கூட்டியே லிஃப்ட் அருகில் செலுத்திவிட்டு, எண் பலகையைக் கேமரா படித்துக் கட்டை தானாக உயர 10 வினாடிதான் ஆகும் என்றால், அதே வாசல் 360 கார்களை விடும். அடுத்தடுத்து இரண்டு பெரிய விமானங்கள் தரையிறங்கிப் பெட்டிகள் வந்து சேர்ந்த அந்த அரை மணி நேரத்துக்காக மூன்று வாசல்கள் கட்டுவதா, ஒரு வாசலை வேகப்படுத்துவதா என்ற கேள்வி இத்தனை எளிமையானது.

முனையத்துக்கு எவ்வளவு அருகில் கட்டலாம் என்பது எளிதாக விடை சொல்ல முடியாத கேள்வி. நடப்பவர் பக்கம் நின்றால், ஒட்டியே கட்ட வேண்டும். 2006 டிசம்பர் 30 அன்று மாட்ரிட் பராஹாஸ் விமான நிலையத்தின் நான்காம் முனைய நிறுத்துமிடத்தில் பாஸ்க் பிரிவினைவாத ஆயுதக் குழுவான எட்டா வைத்த வேன் குண்டு, கட்டடத்தின் பெரும்பகுதியை இடித்து வீழ்த்தியது. முன்னெச்சரிக்கைத் தொலைபேசி அழைப்பு வந்து ஆட்களை வெளியேற்றியும், கார்களுக்குள் உறங்கிக்கொண்டிருந்த இருவர் இறந்தார்கள். விமானத்தில் வருபவர்களை அழைத்துச்செல்லக் காத்திருந்த இடத்தில் நேர்ந்த மரணம் அது. அமெரிக்காவில் 2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பிறகு, முனையத்திலிருந்து 300 அடிக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், ஆளில்லாத வாகனங்கள் நிற்கத் தடை விதிக்கப்பட்டது. பல நிறுத்துமிடங்களின் சிறந்த கட்டங்கள் ஒரே நாளில் வெறுமையாகின. எங்கள் வரைபடத்தில் இரண்டு கட்டடங்களுக்கும் இடையே ஒரு திறந்தவெளி விடப்பட்டிருக்கிறது, மேலே மூடிய நடைப்பாலம் போகிறது. நடை கூடுகிறது என்பதை மறுக்கவில்லை. அந்தப் பாலத்தில் ஏறியிறங்கப் படியோ மேடுபள்ளமோ இல்லாதபடி, நிறுத்துமிடத்தின் இரண்டாம் அடுக்கையும் முனையத்தின் தளத்தையும் ஒரே மட்டத்தில் கொண்டுவந்ததுதான் நாங்கள் செய்ய முடிந்த ஈடு.

தீயைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க இயலாது. 2023 அக்டோபர் 10-ஆம் தேதி இரவு, லண்டன் லூட்டன் விமான நிலையத்தின் நிறுத்துமிடத்தில் ஒரு டீசல் காரில் பற்றிய தீ 1,300-க்கும் மேற்பட்ட வாகனங்களை அழித்தது. கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்து, மிச்சத்தையும் இடிக்க வேண்டியதாயிற்று. 2019-இல் திறக்கப்பட்ட புதிய கட்டடம் அது. தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் இல்லை. நார்வேயின் ஸ்டாவாங்கர் விமான நிலையத்தில் 2020 ஜனவரி 7-ஆம் தேதியும், லிவர்பூலில் ஓர் அரங்கின் நிறுத்துமிடத்தில் 2017-இன் கடைசி இரவிலும் இப்படியே நடந்தது. பக்கங்கள் திறந்திருந்தால் புகை வெளியேறிவிடும், ஒரு கார் எரிந்து முடிவதற்குள் தீயணைப்பு வண்டி வந்துவிடும் என்பது பழைய நம்பிக்கை. பன்னாட்டுக் கட்டட விதித்தொகுப்பு ஒவ்வோர் அடுக்கின் சுற்றுச்சுவர்ப் பரப்பிலும் குறைந்தது 20 சதவீதம் திறந்திருந்தால்தான் அதைத் திறந்த நிறுத்துமிடமாக ஏற்கிறது. அந்த நம்பிக்கை உருவான காலத்துக் கார்களில் இன்றுள்ள அளவு பிளாஸ்டிக் இல்லை. அவை சற்று விலகியும் நின்றன. இப்போது பக்கத்துக் கார் வெகு சீக்கிரம் பற்றிக்கொள்கிறது, உருகிய எரிபொருள் தொட்டியிலிருந்து வழியும் திரவம் தீயைச் சுமந்துகொண்டு வடிகாலை நோக்கி ஓடுகிறது. அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் தன் 88ஏ தரநிலையின் 2023 பதிப்பில் திறந்த நிறுத்துமிடங்களுக்கும் நீர்த்தெளிப்பானைக் கட்டாயமாக்கியது.

எங்கள் கட்டடத்தில் எல்லா அடுக்குகளிலும் தெளிப்பான்கள் இருக்கும். அது வேண்டுமா என்று கேட்டவர்களிடம் நான் விதியை முன்வைத்து வாதாடவில்லை. ஆறு நாள் கழித்துத் திரும்பி வருபவரிடம், உங்கள் கார் நீங்கள் ஊரில் இல்லாதபோது எரிந்துபோயிற்று என்று ஆயிரம் முறை சொல்ல வேண்டிய ஊழியரை நினைத்துப் பாருங்கள் என்றேன். தெளிப்பான் எரியும் காருக்குள் போய்த் தீயை அணைத்துவிடாது; மின்கலத்தில் பற்றிய தீயை அது அணைப்பதும் கடினம். பக்கத்துக் கார்களையும் மேலே உள்ள கான்கிரீட்டையும் குளிர்வித்து, தீயணைப்பு வீரர்களுக்கு நேரத்தை வாங்கித் தருவதே அதன் வேலை.

மின்கார்களுக்கு மின்னேற்றம் தருவதிலும், நேரத்தைப் பற்றிய அதே பாடம் மீண்டும் வருகிறது. நெடுநாள் அடுக்குகளில் 7 கிலோவாட் மின்னேற்றிகள் நூறு வேண்டும் என்று முதலில் எழுதியிருந்தார்கள். அப்படியானால் 700 கிலோவாட் மின் இணைப்பு வேண்டும். ஆனால் அங்கே நிற்கும் கார் ஐந்து நாள், அதாவது 120 மணி நேரம் அசையப்போவதில்லை. அதற்குள் 60 கிலோவாட் மணி ஏற்றிவிட, சராசரியாக அரை கிலோவாட் போதும். நூறு கார்களுக்கு 50 கிலோவாட். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஏற்றாமல், உரிமையாளர் திரும்பும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, முறை வைத்துச் சுழற்சியாக ஏற்றும் மென்பொருள் மட்டுமே வேண்டும். மின்மாற்றியின் அளவு சரிபாதிக்கும் கீழே இறங்கியதில் மின் பொறியாளருக்கே வியப்பு.

இப்போது மிச்சமிருப்பது லிஃப்ட் கூடம். திரையில் எத்தனை முறை சுழற்றிப் பார்த்தும் மனம் ஒப்பவில்லை என்பதால், சென்ற வாரம் ஒரு காலி நிலத்தில் சுண்ணாம்புத் தூளால் அதை முழு அளவில் வரைந்தோம்: இரண்டு கட்டங்கள், ஒரு தூண், நடைபாதை, கூடத்தின் சுவர், லிஃப்டின் வாசல். கதவுக்குப் பதிலாக ஒரு பலகையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மூன்று பெட்டிகள் ஏற்றிய தள்ளுவண்டியோடு லிஃப்டிலிருந்து வெளியே வந்தேன். தீ தாங்கும் அந்தக் கதவு என் பக்கமாகத் திறந்ததால், வண்டியைப் பின்னுக்கு இழுத்து, ஒரு கையால் கதவைப் பிடித்து, மறு கையால் தள்ள முயன்றதில் மேல்பெட்டி சரிந்தது. இரண்டாம் முறை, கதவு சாதாரண நேரத்தில் திறந்தே நிற்கும், தீ எச்சரிக்கை ஒலித்தால் மட்டும் காந்தப்பிடி விட்டு மூடிக்கொள்ளும் என்று வைத்துக்கொண்டு நடந்தேன். தடையில்லாமல் வெளியே வந்து நிமிர்ந்தபோது, கண்ணுக்கு நேரே நின்றது தூண். அடுக்கின் எண்ணையும் பறவையையும் தூணின் பக்கவாட்டில் வரைந்திருந்தோம். இப்போது அவற்றை லிஃப்டைப் பார்த்த முகத்துக்கு மாற்றியிருக்கிறேன். அந்தத் திருத்தத்தோடு வரைபடம் நாளை போகிறது.